தங்கம் வந்தும் கடன் தீராத ஸ்பெயின்: யூரோபா யூனிவர்சாலிஸ் 4-இல் காஸ்டீலை ஆடுவது எப்படி?

கேள்வியின் சாரம் இது. யூரோபா யூனிவர்சாலிஸ் 4 என்ற கணினி வியூக ஆட்டத்தில், பின்னாளில் அரகோனோடு இணைந்து ஸ்பெயினான காஸ்டீல் அரசை எடுத்துத் தொடங்கியிருக்கிறீர்கள். 1550-க்குள் கிரனாடா, அரகோன், நேபிள்ஸ், பர்கண்டியின் நெதர்லாந்துப் பகுதிகள், மெக்சிகோ, பெரு எல்லாம் உங்கள் நிறத்துக்கு மாறிவிட்டன. தங்கச் சுரங்கங்களும் நிறைய இருக்கின்றன. ஆனாலும் 1600-ஐ நெருங்கும்போது பணவீக்கம் 20 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறீர்கள். பிரான்ஸ் ஒரு பக்கமும் நெதர்லாந்துக் கிளர்ச்சியாளர்கள் மறுபக்கமும் நெருக்குகிறார்கள். புதிதாக ஆடுவோருக்கு ஏற்ற நாடு என்று எல்லோரும் பரிந்துரைக்கும் ஸ்பெயினில் இப்படி ஏன் ஆகிறது, எங்கே திருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஆட்டத்தில் பெரிய குளறுபடி எதுவும் இல்லை. ஏறத்தாழ இரண்டாம் பிலிப் ஆடியதைப் போலவே ஆடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். 1556-இல் முடிசூடிய அவர், உலகின் மிகப் பெரிய வெள்ளி வரத்தைக் கையில் வைத்துக்கொண்டே 1557, 1560, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தார். அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளி அவருடைய வருவாயில் ஒரு பகுதிதான். பெரும்பகுதி காஸ்டீல் குடிமக்கள் கட்டிய வரி. ஆனால் அந்த வெள்ளியைக் காட்டித்தான் ஜெனோவாவின் வங்கியாளர்களிடம் குறுகிய காலக் கடன் வாங்க முடிந்தது. ஒவ்வொரு முறை கை விரித்தபோதும் அந்தக் குறுகிய காலக் கடன்கள் குறைந்த வட்டியுள்ள நீண்ட காலப் பத்திரங்களாக மாற்றப்பட்டன. பிறகு புதுக்கடன் தொடங்கியது. வெள்ளி வரும் என்ற நம்பிக்கை, வெள்ளியைவிட வேகமாகச் செலவழிந்தது. ஆட்டம் இந்த வரலாற்றை ஓரளவு நேர்மையாகவே தன் விதிகளுக்குள் வைத்திருக்கிறது. ஆகவே தங்கத்தை வருமானமாக எண்ணித் திட்டமிடாமல் இருக்கப் பழகுவதுதான் ஸ்பெயினை ஆடுவதில் முதல் பாடம்.

இனி தொடக்கத்திலிருந்து வருகிறேன். ஆட்டம் 1444 நவம்பர் 11-இல், வார்னா போருக்கு மறுநாள் தொடங்குகிறது. காஸ்டீலின் அரியணையில் இரண்டாம் ஹுவான் இருக்கிறார். வாரிசாக வருபவர் என்ரிக்கே. நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம் மூன்றிலும் பூச்சியம் வாங்கியிருக்கும் இந்த இளவரசரைப் பற்றி ஆட்டக்காரர்களிடையே நடமாடும் கேலிக்கு அளவே இல்லை. கௌரவப் புள்ளிகளைச் செலவழித்து வாரிசுரிமையிலிருந்து அவரை நீக்க வழி உண்டு. ஆனால் முதிய அரசனை வாரிசு இல்லாமல் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து அரச குடும்பங்களோடு மணவுறவும் வைத்திருப்பது, உங்கள் முடியை இன்னொருவன் தலையில் வைக்க நீங்களே வழி செய்வதாகிவிடும். நான் பொதுவாக என்ரிக்கேயைப் பொறுத்துக்கொள்வேன். அந்த இருபது ஆண்டுகளில் நிலைத்தன்மையைப் பூச்சியத்துக்குக் கீழே விடாமல், பிரபுக்களின் விசுவாசத்தைச் சலுகைகள் கொடுத்துத் தக்க வைத்துக்கொண்டால், காஸ்டீலிய உள்நாட்டுப் போர் என்ற பேரிடர் வராமலே தப்பலாம், வந்தாலும் சமாளிக்கலாம். உண்மையான என்ரிக்கே 1454 முதல் 1474 வரை ஆண்டார். அவர் மறைந்ததும் தங்கை இசபெல்லாவின் தரப்பும் மகள் ஹுவானாவின் தரப்பும் மோதிய போரைத்தான் ஆட்டம் அப்படிச் சித்திரிக்கிறது.

அரகோனை வாளால் பிடிக்க முயல வேண்டாம். இசபெல்லாவும் ஃபெர்டினாண்டும் 1469 அக்டோபர் 19-இல் வல்லாதோலித் நகரில் செய்துகொண்ட திருமணத்தை ஆட்டம் ஒரு நிகழ்வாக வைத்திருக்கிறது. அதன் நிபந்தனைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறி வந்தாலும் விளைவு ஒன்றுதான்: அரகோன் ஒரே முடியின் கீழ் உங்கள் இளைய பங்காளியாக வந்து சேரும். அதுவரை உங்கள் வேலை, அரகோனைப் பிரான்ஸ் கடித்துக் குதறாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. ஐந்தாம் அல்ஃபோன்சோ 1442-இல் நேபிள்ஸைப் பிடித்திருந்தபடியால், தொடக்கத்தில் நேபிள்ஸ் அரகோனுக்குக் கட்டுப்பட்டே இருக்கும். வரலாற்றில் அவர் 1458-இல் இறந்ததும் நேபிள்ஸ் அவருடைய திருமணத்துக்குப் புறம்பான மகன் ஃபெர்ரான்தேயிடம் போய்விட்டது. ஆட்டத்தில் சில நேரம் அதுவும் சேர்ந்தே உங்களிடம் வரும். வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் அதற்காக 1470-இல் இத்தாலியில் ஒரு போரைத் தொடங்குவது வீண் வேலை.

கிரனாடாவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வட ஆப்பிரிக்க நாடுகளில் ஏதாவது ஒன்று அதற்குத் துணை வரக்கூடும்; கப்பற்படையை ஜிப்ரால்டர் நீரிணையில் நிறுத்திவிட்டால் அந்தத் துணைப் படை அக்கரையிலேயே நிற்கும். முற்றுகை இழுக்கக்கூடும் என்பதால் பண இருப்போடு இறங்குங்கள். நவாராவைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வது நல்லது. வரலாற்றில் அது 1512-இல் நடந்தது. பிரனீஸ் மலையின் கதவு அது. அந்தக் கதவில் ஒரு கோட்டை இருந்தால் பிரான்சின் பெரிய படை மலையேறி வந்து மோத வேண்டியிருக்கும். மலை நிலத்தில் தாக்குபவனுக்குப் பகடையில் இரண்டு புள்ளி குறையும். பிரான்சை எதிர்த்து வெல்வதற்கு இதைவிட மலிவான வழி எதுவும் இல்லை. சமவெளியில் இறங்கிப் பாரிஸ் வரை போகலாம் என்ற ஆசை எனக்கும் வருவதுண்டு; அதனால் கருவூலம் நிறைந்ததாக நினைவில்லை.

இப்போது கடலுக்கு வருவோம். நிர்வாகத் தொழில்நுட்பத்தில் ஐந்தாம் நிலையை எட்டியதும் முதல் ஐடியா தொகுதியாக (நாட்டுக்கு நிலையான சலுகைகள் தரும் தொகுப்பு) கடல்பயண ஆய்வை எடுப்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. கரீபியன் தீவுகளை முதலில் பிடிக்க வேண்டும் என்பதிலும் அப்படியே. ஆனால் ஏன் கரீபியன் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இந்த ஆட்டத்தில் வணிகம் முனைகள் (ஒரு வட்டாரத்தின் வணிக மதிப்பு வந்து சேரும் இடங்கள்) வழியாக ஒரே திசையில் ஓடும். அதன் போக்கை உங்களால் மாற்ற முடியாது. மெக்சிகோவிலும் பனாமாவிலும் விளையும் மதிப்பு கரீபியன் முனைக்கு வரும்; அங்கிருந்து உங்கள் தாயக முனையான செவிலுக்கு வரலாம், அல்லது பிரான்சின் பொர்தோ பக்கம் நழுவலாம். எனவே ஹிஸ்பானியோலா, கியூபா போன்ற தீவுகளின் முக்கியத்துவம் அவற்றின் நிலத்தில் இல்லை. கண்டம் முழுவதற்குமான வாய்க்கால் மதகு அங்கே இருக்கிறது. அந்த மதகில் இங்கிலாந்தோ பிரான்சோ கால் வைத்துவிட்டால், மெக்சிகோ உங்களுடையதாக இருந்தும் அதன் பலன் பாதி அவர்களுக்குப் போகும்.

பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இதற்கடுத்த விஷயத்தைத்தான். தங்கம் விளையும் மாகாணம் வணிக மதிப்பு எதையும் உண்டாக்காது. சர்க்கரை, புகையிலை, பருத்தி, கோகோ போன்றவை விளையும் மாகாணம் ஒவ்வொன்றும் தன் முனையில் மதிப்பைச் சேர்க்கிறது. அந்த மதிப்பு ஓடி ஓடி, இடையில் உங்கள் வணிகர்கள் இருந்தால் சற்றே பெருகி, செவிலில் வந்து விழுகிறது. தங்கமோ நேராகக் கருவூலத்துக்குள் போய்விடுகிறது. வழியில் எந்த முனையையும் வளர்ப்பதில்லை. போதாததற்கு, மொத்த வருமானத்தில் தங்கத்தின் பங்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பணவீக்கத்தையும் கூட்டிவிட்டுப் போகிறது. வணிக வருமானம் பணவீக்கத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே மாதம் 20 டூகட் (ஆட்டத்தின் நாணயம்) தங்கத்தால் வருவதும் மாதம் 20 டூகட் சர்க்கரையால் வருவதும் வருமானப் பட்டியலில் ஒரே மாதிரி தெரிந்தாலும், பத்தாண்டு கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் பணவீக்கம் 20 விழுக்காடு என்றீர்கள். 100 டூகட்டுக்குக் கட்ட வேண்டிய கோயிலோ சந்தையோ 120 ஆகிறது. 500 டூகட் விலையுள்ள உற்பத்திச்சாலை 600 ஆகிறது. படை, கப்பல், ஆலோசகர் ஊதியம் எல்லாம் இதே விகிதத்தில் ஏறுகின்றன. இதைக் குறைக்க ஒரு பொத்தான் இருக்கிறது: அரசரின் நிர்வாகத் திறனாலும் ஆலோசகராலும் மாதந்தோறும் சேரும் நிர்வாகப் புள்ளிகளில் 75 கொடுத்தால் 2 விழுக்காடு குறையும். இருபதையும் துடைக்க வேண்டுமென்றால் பத்து முறை, அதாவது 750 நிர்வாகப் புள்ளி வேண்டும். ஒரு தொழில்நுட்ப நிலையின் அடிப்படை விலையே 600 என்பதை நினைத்துப் பாருங்கள். கைப்பற்றிய நிலத்தை உங்கள் உரிமை நிலமாக்கவும் இதே நிர்வாகப் புள்ளிதான் தேவை. நிர்வாக வகை ஐடியாக்களை வாங்கவும் இதுவேதான். பெருவின் தங்கம் உங்களுக்கு டூகட்டுகளைக் கொடுத்தது உண்மை. ஆனால் அதைவிட அரிதான நிர்வாகப் புள்ளிகளை அது விலையாகக் கேட்கிறது. ஆலோசகர்களில் நாணயச்சாலைத் தலைவர் கிடைத்தால் ஆண்டுக்கு 0.1 வீதம் தானாகவே குறைப்பார். தங்கம் வரத் தொடங்கும் முன்பே அவரை வேலைக்கு எடுத்து உட்கார வைத்துவிடுவது என் வழக்கம். கடன் வாங்குவதும் பணவீக்கத்தை ஏற்றும் என்பதால், தங்கமும் கடனும் சேர்ந்த ஸ்பெயின் இரு பக்கமும் எரியும் கொள்ளியாகிவிடுகிறது.

வரலாற்றிலும் இதைக் கண்டறிந்தவர்கள் ஸ்பெயினிலேயே இருந்தார்கள். சலமான்காவின் அறிஞர் மார்தின் தே அஸ்பில்குவேதா 1556-இலேயே, பணம் அரிதாக இருக்கும் நாட்டைவிட அது மிகுந்திருக்கும் நாட்டில் பொருள்களின் விலையும் கூலியும் அதிகம் என்று எழுதிவிட்டார். பொதோசி வெள்ளி மலை 1545-இல் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது பதினோரு ஆண்டுதான் ஆகியிருந்தது. பாதரசத்தைக் கொண்டு வெள்ளியைப் பிரிக்கும் முறை பொதோசிக்கு வந்து உற்பத்தி பெருகியது 1570-களில்தான்; ஆகவே அவர் கண்டது வரப்போகும் வெள்ளத்தின் தொடக்கத்தைத்தான்.

அமெரிக்க நிலம் ஒரே குடியேற்ற வட்டாரத்தில் ஐந்து மாகாணத்தை எட்டியதும் தனிக் குடியேற்ற நாடாகப் பிரிந்துவிடும். அதன்பின் அங்குள்ள தங்கம் மாதாமாதம் வருவதில்லை; சேர்ந்து சேர்ந்து பொக்கிஷக் கப்பல்களாகப் புறப்படும். 2015-இல் வந்த எல் டொராடோ விரிவாக்கம் இருந்தால் இந்த ஏற்பாடு உங்கள் ஆட்டத்தில் இருக்கும். மெக்சிகோவிலிருந்து புறப்படும் கப்பல்கள் கரீபியன் முனையைக் கடக்கும்போது, அங்கே இங்கிலாந்தின் தனியார் கொள்ளைக் கப்பல்கள் வைத்திருக்கும் வணிகப் பலத்துக்கு ஏற்ப ஒரு பங்கை உருவிக்கொள்வார்கள். மிச்சம் செவிலுக்கு வரும். திரையில் ஓர் அறிவிப்பு வந்து மறைவதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. கரீபியனில் ஒரு கப்பல் தொகுதியைக் கொள்ளையர் வேட்டைக்கு நிரந்தரமாக அமர்த்தினால் போதும், இந்தக் கசிவு பெரும்பாலும் அடைபட்டுவிடும். 1560-களில் ஸ்பெயின் செய்ததும் இதையொத்ததே: வெராக்ரூஸ் போகும் தொகுதியும் கார்தஹேனா பக்கம் போகும் தொகுதியும் திரும்பும்போது ஹவானாவில் கூடி, போர்க்கப்பல் காவலோடு அட்லாண்டிக்கைக் கடக்கும். அந்த ஏற்பாடு நீண்ட காலம் நன்றாகவே வேலை செய்தது. 1628-இல் கியூபாவின் மத்தான்சாஸ் விரிகுடாவில் டச்சுத் தளபதி பீட் ஹெய்ன் ஒரு தொகுதியைச் சிறைப்பிடித்தது இவ்வளவு புகழ்பெறக் காரணமே, அப்படி அதற்குமுன் நடந்ததில்லை என்பதுதான்.

குடியேற்ற நாடுகளை எப்படி நடத்துவது என்பதில் என் கருத்து சற்றுத் தாராளமானது. அவர்களிடம் வாங்கும் தீர்வையை ஏற்றினால் அவர்களுடைய விடுதலை வேட்கை ஏறும். அது 50-ஐத் தாண்டினால் அவர்கள் உங்கள் போருக்கும் வரமாட்டார்கள், கப்பமும் ஒழுங்காக வராது. தீர்வையால் கிடைக்கும் சில்லறையைவிட, அவர்களுடைய வணிகப் பலத்தில் பாதி உங்களுக்கு வந்து சேர்வது பெரிது. பத்து மாகாணங்களையாவது எட்டிய ஒவ்வொரு குடியேற்ற நாடும் உங்களுக்கு ஒரு வணிகரையும் கூடுதலாகத் தருகிறது. எனவே அவர்களை வளர விடுங்கள். மாதம் ஓரிரு டூகட் மானியமாகக்கூடக் கொடுங்கள். கிடைக்கும் வணிகர்களைச் செவிலில் உட்கார வைக்கத் தேவையில்லை, தாயக முனையில் வசூல் தானே நடக்கும். அவர்களைக் கரீபியன், பனாமா, மெக்சிகோ, மேற்கு ஆப்பிரிக்கக் கரை என்று மேல்முனைகளுக்கு அனுப்பி, மதிப்பைச் செவில் நோக்கித் திருப்பிவிடச் சொல்லுங்கள். செவில் கடைசி முனை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். அங்கிருந்து மதிப்பு மத்தியதரைக்கடல் வழியே ஜெனோவா நோக்கி நழுவக் காத்திருக்கிறது. தீபகற்பத்தின் துறைமுகங்களும் வணிக மையங்களும் உங்கள் கையில் இறுக்கமாக இருந்தால் அந்த நழுவல் பொருட்படுத்தத் தக்கதாக இருக்காது. 200 ராஜதந்திரப் புள்ளி கொடுத்துத் தாயக வணிகத் துறைமுகத்தை ஜெனோவாவுக்கே மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டு; ஆனால் வட இத்தாலியில் பாதியாவது உங்களிடம் இல்லாத நிலையில் அதைச் செய்வது, செலவழித்துக் கெடுவதாகும்.

தோர்தேசில்லாஸ் உடன்படிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. 1494 ஜூன் 7-இல் காஸ்டீலும் போர்ச்சுகலும் கேப் வெர்டே தீவுகளுக்கு 370 லீக் மேற்கே ஒரு கோட்டைக் கிழித்து உலகைப் பங்கிட்டுக்கொண்டன. ஆட்டம் அந்தக் கோட்டை விட்டுவிட்டு, ஒரு வட்டாரத்தில் முதலில் குடியேற்ற நாடு அமைக்கும் கத்தோலிக்க அரசுக்குப் போப்பின் அங்கீகாரத்தைத் தருகிறது; மற்ற கத்தோலிக்கர் அங்கே குடியேறினால் வளர்ச்சியும் குறையும், போப்பின் மனத்தாங்கலும் சேரும். எனவே எல்லா வட்டாரத்திலும் இரண்டிரண்டு மாகாணம் என்று தெளிக்காமல், ஒரு வட்டாரத்தை ஐந்துக்குக் கொண்டுபோய் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது ஆதாயம். குடியேற்றக்காரர்களின் எண்ணிக்கைக்கு மேல் குடியேற்றங்களைத் திறந்தால் பராமரிப்புச் செலவு செங்குத்தாக ஏறும். 1520-களில் பல ஆட்டங்கள் கடனில் விழத் தொடங்கும் இடம் அதுதான் என்பது என் அனுபவம்.

போர்ச்சுகலை விழுங்கலாமா என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள் என்பேன். அது உங்கள் முதுகைக் காக்கும். பிரேசிலையும் ஆப்பிரிக்கக் கரையையும் தன் செலவில் திறந்து வைக்கும். 1580-இல் இரண்டாம் பிலிப் போர்ச்சுகலின் முடியையும் சூடிக்கொண்டபோது, அவருடைய பேரரசுக்கு நிலமும் பெருகியது, எதிரிகளும் பெருகினார்கள். டச்சுக்காரர்கள் போர்ச்சுகலின் ஆசியத் துறைமுகங்களைக் குறிவைப்பதற்கு அது நல்ல காரணமாயிற்று. 1640 வரை நீடித்த அந்த இணைப்பின் காலத்தில்தான், 1619-இல் யாழ்ப்பாண அரசு போர்த்துகீசியரிடம் வீழ்ந்தது. ஆக, யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி குமாரனை வென்ற படை ஏட்டளவில் ஸ்பெயின் அரசர் மூன்றாம் பிலிப்பின் படை. ஆட்டத்தின் வரைபடத்தில் கன்னியாகுமரி முனையின் பெயரில் ஒரு வணிக முனை இருப்பதைப் பார்த்ததும் அங்கே போக வேண்டும் என்று நமக்குக் கை பரபரக்கும். ஆனால் ஆசிய வணிகம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நெடுந்தூரம் வர வேண்டியது. இடையில் ஆப்பிரிக்கக் கரை முனைகளில் உங்கள் கை ஓங்கியிராவிட்டால், வழியில் இருப்பவர்களுக்கே அது போய்ச் சேரும்.

உங்கள் ஆட்டத்தில் பணம் உண்மையில் கரையும் இடம் நெதர்லாந்து. பர்கண்டிக்கு ஆண் வாரிசில்லாமல் போய் அந்த நிலம் மணவுறவு வழியே கைமாறும் நிகழ்வில் உங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது. 1477-இல் பர்கண்டியின் பிரபு வீர சார்லஸ் இறந்தபோது அந்த நிலம் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குப் போனது போல. ஆன்ட்வெர்ப் ஆங்கிலக் கால்வாய் முனையில் இருக்கிறது. அது ஆட்டத்தின் மிகச் செழிப்பான கடைசி முனைகளில் ஒன்று. ஆனால் உங்கள் தாயக முனை செவில். தாயகமல்லாத முனையில் வசூலித்தால் அங்கே உங்கள் வணிகப் பலம் பாதியாகக் குறையும். எனவே அந்தச் செழிப்பில் உங்களுக்கு அரைப் பங்குதான் கிடைக்கிறது, அதைக் காக்கும் செலவோ முழுதாக இருக்கிறது. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) மதம் பரவியபின் அங்குள்ள மாகாணங்கள் மதம் மாறும், கிளர்ச்சி எழும், உங்கள் தலைநகரம் அந்த வட்டாரத்தில் இல்லை என்பதாலேயே டச்சுக் கிளர்ச்சி மூளும்.

வரலாற்றில் இதன் பணக்கணக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1567-இல் ஆல்பா பிரபு இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸைக் கடந்து ஒரு படையை நெதர்லாந்துக்கு நடத்திச் சென்றார். ஸ்பானியப் பாதை என்று பின்னர் பெயர்பெற்ற தரைவழி அது. அந்தப் படைக்கு ஊதியம் அனுப்புவது ஜெனோவா வங்கியாளர்களின் உண்டியல்களை (பணமாற்றுச் சீட்டுகளை) நம்பியே நடந்தது. 1575-இல் பிலிப் கடன்களை நிறுத்தியதும் உண்டியல்கள் நின்றன. ஊதியமில்லாத வீரர்கள் 1576 நவம்பரில் ஆன்ட்வெர்ப் நகரைச் சூறையாடினார்கள். அதுவரை ஸ்பெயினோடு நின்ற தென் மாகாணங்களும் சில நாள்களுக்குள் கிளர்ச்சியாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டன. அந்தப் போர் 1648 வரை ஓய்ந்து ஓய்ந்து நடந்தது. ஒரு கடன் தவணை தவறியதால் ஒரு நாடே பறிபோகத் தொடங்கியது என்பதை ஆட்டத்தின் நிகழ்வுகள் இவ்வளவு நுட்பமாகக் காட்டுவதில்லை. ஆட்டத்தில் படைவீரர்கள் ஊதியம் இல்லாவிட்டால் சோர்ந்து போவார்களே தவிர, உங்கள் நகரத்தைக் கொள்ளையடிக்க மாட்டார்கள்.

நான் ஆடினால் நெதர்லாந்தை நேரடி ஆட்சியில் வைத்துக்கொள்ள மாட்டேன். பர்கண்டி இளைய பங்காளியாக வந்தால் அப்படியே நீண்ட நாள் விட்டுவைப்பேன். மாகாணங்களாக வந்தால் அவற்றை ஒரு கப்பம் கட்டும் சிற்றரசாகப் பிரித்துவிடுவேன். வரைபடத்தில் உங்கள் நிறம் குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் கிளர்ச்சி அவர்களுடைய தலைவலியாகும், பிரான்ஸ் வந்தால் அவர்களுடைய கோட்டைகள் முதலில் நிற்கும். ஆஸ்திரியாவோடு கூட்டு இருந்தால் இன்னும் நல்லது.

மதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் வந்த கோல்டன் செஞ்சுரி விரிவாக்கம், சிறுபான்மையினரைக் குடியேற்றங்களுக்கு அனுப்பித் தாய் மாகாணத்தை ஒரே மதமாக்கும் வழியைத் தருகிறது. ஆட்டக் கணக்கில் அது வெறும் ஆதாயம்தான்; குடியேற்றமும் வளரும், தாய்நிலமும் அமைதியாகும். உண்மையில் 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் மொரிஸ்கோக்கள் (கிறித்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள்) துரத்தப்பட்டபோது, வலென்சியாவின் பாசன வயல்கள் உழைக்க ஆளின்றிக் கிடந்தன, நிலப் பிரபுக்கள் கடனில் மூழ்கினார்கள். பொதோசிச் சுரங்கத்துக்கு முறை வைத்து இழுத்துச் செல்லப்பட்ட ஆந்திய மலை மக்களின் உழைப்பும் ஆட்டத்தில் எங்கும் தெரிவதில்லை. பழங்குடியினர் ஒரு மாகாணத்தின் ஓரத்தில் எழுதப்பட்ட எண்ணாக இருந்து, குடியேற்றம் நகரமாகும்போது மறைகிறார்கள். பேரரசின் செலவுகளை அரசனின் கருவூலத்திலிருந்து மட்டுமே பார்க்கும் ஆட்டம் இது. அதை அறிந்து ஆடுவது நல்லது.

கடைசியாக, இப்போது 1600-ஆம் ஆண்டில் சேமித்து வைத்திருக்கும் ஆட்டத்தை எப்படித் தொடர்வது? திவால் பொத்தானை அழுத்த வேண்டாம். பிலிப்புக்கு அது வங்கியாளர்களோடு பேரம் பேசும் கருவியாக இருந்தது. ஆட்டத்தில் திவாலானால் ஐந்து ஆண்டுகளுக்குப் படையின் மன உறுதி சரிந்து கிடக்கும், பிரான்ஸ் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. முதலில் பிரான்சோடு எந்த விலைக்காவது சமாதானம் செய்யுங்கள். எல்லையோர மாகாணம் ஒன்றை இழந்தாலும் பாதகமில்லை. கூலிப்படைகளைக் கலைத்துவிட்டு, சமாதான காலத்தில் படைப் பராமரிப்பைக் குறையுங்கள். உயர்நிலை ஆலோசகர்களில் நிர்வாகத்துக்குரியவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் மலிவானவர்களாக மாற்றுங்கள். சேரும் நிர்வாகப் புள்ளியில் முதல் 300-ஐப் பணவீக்கத்துக்கே கொடுத்து அதை 12-க்குக் கொண்டுவாருங்கள். அதற்குக் கீழே அவசரமில்லை, அடுத்த தொழில்நுட்ப நிலையை வாங்கியபின் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பொக்கிஷக் கப்பல்கள் வரும்போதெல்லாம் அந்தத் தொகையைக் கடன் அடைக்க மட்டும் பயன்படுத்துங்கள். அதை நம்பிப் புதிய படையை எழுப்பக் கூடாது. ஒருமுறை வரும் பணத்தால் மாதச் செலவை உயர்த்துவதுதான் உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. கடன் பாதியாகக் குறைந்ததும், உற்பத்திச்சாலைகளைக் காஸ்டீலிலும் வலென்சியாவிலும் விலை கூடிய பொருள் விளையும் மாகாணங்களில் கட்டத் தொடங்குங்கள். பிளாண்டர்ஸையும் ஹாலந்தையும் சிற்றரசாகப் பிரிப்பதை, கிளர்ச்சியாளர் படை களத்தில் இல்லாத ஒரு மாதமாகப் பார்த்துச் செய்யுங்கள்; பிரித்த அன்றே கோட்டைகளின் காவற்செலவு உங்கள் பட்டியலிலிருந்து இறங்கிவிடும்.